மெர்ஜானாவுக்குப் பதிலா இன்னொருத்தி

அலோ… ஆமா, நான்தான்… ஷெத்லியாதான்டா, வேற யாரு இந்த வீட்டுல போன எடுக்கப் போறா… இரு, கத்தாதே. ஒயர் கொஞ்சம் அசைஞ்சாலும் போன் செத்துடும். பேட்டரி போய் ரெண்டு மாசம் ஆச்சு, செவுத்துல சொருகி வெச்சாத்தான் பேசும். அடுப்பங்கரை ஜன்னலண்ட நிக்கறேன். இதுக்கு மேல ஒரு அடி நகர முடியாது… ஆங். இப்பக் கேக்குதா… சரி, சொல்லு முன்ஸிஃப் தம்பி. அங்க மார்ஸெய் பட்டணத்துல மழையா… இங்க வெயில். நல்ல வெயில்.

… ம்… ம்… இல்லடா. வரல.

… தேடாம இருப்பேனா. குளிர்காலம் முழுக்க மண்ணுக்குள்ள தூங்கிட்டு, வாதுமை பூக்கறப்ப வெளிய வருவா, வருஷா வருஷம். வாதுமை பூத்துச்சு, உதிந்துச்சு, பிஞ்சும் பிடிச்சாச்சு. இப்ப நாரத்தை பூத்துக் கொட்டுது. மெர்ஜானா வரல. கெணத்தோரம் பாத்தேன், படிக்கட்டுக்கு அடியில பாத்தேன், மரத்தடியில கை போற எடமெல்லாம் கிளறிட்டேன். உம்மாவோட மரச்செருப்ப மாட்டிக்கிட்டு முத்தத்துல டக்கு டக்குன்னு நடந்துகூடப் பாத்தேன். அந்தச் சத்தத்துக்கு எங்க இருந்தாலும் ஓட்டுலேருந்து தலைய நீட்டுவாளே. ஊஹூம்… ஆமா… ஆமாடா. அறுபது வருஷம் ஆச்சு அவ இந்த வீட்டுக்கு வந்து. உம்மா கல்யாணமாகி வந்தப்பவே கூடையில வெச்சுத் தூக்கிட்டு வந்தவ. அப்பவே அவளுக்கு எத்தன வயசோ… போய்ட்டான்னுதான் நெனைக்கறேன்.

… இரு, இரு. மேல் தண்ணி சுட்டுடுச்சு, மாத்தணும்… நாரத்தம்பூத் தண்ணி வடிக்கறேன்டா, வேற என்ன. இந்த மாசத்துல நம்ம நாபுல் ஊருக்குள்ள எந்த வீட்டுல பூ வடிக்கல. மரத்துப் பூவ மொத்தமா நேத்தே உலுக்கியாச்சு. பாதி பானையில வேகுது, பாதி முத்தத்துல விரிப்பு மேல கெடக்கு… ஆமா, அதே செம்புப் பானைதான். மூடி மேல பச்சத்தண்ணி நின்னுக்கிட்டே இருக்கணும், கொஞ்சம் சூடாக விட்டாலும் பூவாசம் தீஞ்சுடும். மூணாவது குப்பி சொட்டிக்கிட்டிருக்கு. இந்தப் பக்கம் நீ, அந்தப் பக்கம் பானை, நடுவுல ஒயரப் பிடிச்சுக்கிட்டு நான்.

ம், ஆச்சு. சொல்லு.

… என்னது… இன்னொரு ஆமையா.

… இல்ல, நல்லாத்தான் கேட்டுச்சு. எதுக்குன்னு கேக்கறேன்.

… ம்… ம்… அண்ணனுக்குத் தெரியாம.

… தெரியும்டா. எனக்கா தெரியாது. உம்மா அதச் சொன்னப்ப தலைமாட்டுல உக்காந்து நெத்தியத் தொடச்சுக்கிட்டிருந்தவளே நான்தானே. நீ வாசப்படியில நின்னு அழுதுக்கிட்டிருந்தே. பெஷீர் அண்ணன் கால்மாட்டுல. 'இந்த முத்தத்துல மெர்ஜானா நடமாடற வரைக்கும் வீட்ட விக்கக் கூடாது, ஷெத்லியா இங்கதான் இருப்பா.' மூணு பேரும் சரின்னு தலையாட்டினோம். பன்னெண்டு வருஷம் ஆச்சு… ஆமா, எனக்காகத்தான் சொன்னா. கல்யாணம் ஆகாதவ, நாளைக்கு அண்ணனும் தம்பியுமாச் சேந்து வெளிய அனுப்பிடக் கூடாதுன்னு. தெரியும்.

… அண்ணன் வெள்ளிக்கிழமைதான் வராரு. வீட்டப் பாக்க ஆளக் கூட்டிட்டு. வெளியூர்க்காரங்க தங்கற விடுதியா மாத்தப் போறாங்களாம். மெர்ஜானா வந்துட்டாளா, மெர்ஜானா வந்துட்டாளான்னு தினமும் போன்ல கேக்கறாரு. என் மூட்டுவலிய ஒரு நாள் கேட்டிருப்பாரா அந்த மனுஷன்.

… சரி, நீ சொல்ல வந்ததச் சொல்லு. எந்த ஆமை.

… யாரு, பக்கத்து வீட்டு ராதியாவோடதா… வாஸ்தவம்தான், அவங்க மாடிவீட்டுக்குக் குடிபோறாங்க, யாராச்சும் வளக்கறவங்க எடுத்துக்கிட்டா தேவலன்னு எங்கிட்டயும் சொன்னா… டேய், அது ஆண் ஆமைடா… வாலப் பாத்தாலே தெரியுமே. அறுபது வருஷமா அவ அவன்னு கூப்பிட்டுட்டு, வெள்ளிக்கிழமை அண்ணன் தூக்கிப் பாக்கறப்ப, குளிருக்கு வால் வளந்துடுச்சுன்னு சொல்லவா… சிரி, சிரி. அதுவும் சரியான முரடு அது. செருப்பு, பானை, கதவு, எது நின்னாலும் போய் மோதும். போன வருஷம் ராதியாவோட மாமியார் தொழுதுக்கிட்டிருக்கறப்ப போய் முட்டியிருக்கு. நான் மாட்டேம்பா.

… அத எடுத்துக்கலேன்னா வெலைக்கு வாங்கறதா. எங்கேருந்து… எந்த சாதோக்… சட்டிப்பானை ஏத்திட்டுப் போற வண்டிக்காரரா. அவர்கிட்ட எதுக்குடா இதையெல்லாம் சொன்னே… என்ன, இன்னிக்கா. இப்பவா. என்னை ஒரு வார்த்தை கேக்காம…

… என்னத்த ஒரே மாதிரி. எல்லா ஆமையும் ஒரே மாதிரி இருக்கறதுக்கு என்ன ரொட்டியா அது. மெர்ஜானா ஓட்டுல பின்பக்கம் ஒரு துண்டு பெயந்திருக்கும். அஞ்சு வயசுல தெருக்கதவப் படார்னு சாத்தி நீதான் நசுக்கினே. மறந்துட்டியா. அண்ணன் மறக்க மாட்டாரு, அன்னிக்கு உன்ன வெளுத்தவரே அவர்தான்… அரத்தால ராவறதா. உசுரோட இருக்கற ஆமையோட ஓட்டப் போயா… வலிக்கும்டா, அதுக்குள்ள நரம்பு ஓடுது. நீ அங்க கப்பல ரிப்பேர் பண்ணு. இங்க என்னை ஆமை ரிப்பேர் பண்ணச் சொல்லாதே.

… இரு, கதவு தட்டறாங்க. யாரு… தாழ்ப்பாள் போடல, தள்ளிட்டு வாங்க… வந்துட்டாருடா, உன் சாதோக். வாயால சொல்லி முடிக்கல, மனுஷன் சாக்கோட நிக்கறாரு. வ அலைக்குமுஸ்ஸலாம் அண்ணே, வாங்க. அங்க நடையிலேயே உக்காந்துக்கங்க. முத்தத்துல பூ விரிச்சிருக்கேன், மிதிச்சுடப் போறீங்க. சாக்க அவுக்க வேண்டாம். இல்ல, பாக்கவும் வேண்டாம், அப்படியே வெச்சிருங்க. என்னால நகர முடியல, இந்த ஒயரு… தம்பிதான் பேசறான். ஆமா, மார்ஸெய்லேருந்து… உனக்கு சலாம் சொல்றாரு, முன்ஸிஃப்.

எங்க பிடிச்சீங்க அண்ணே… மலைச்சரிவுலயா. பார்லி வயக்காட்டு ஓரமா… நேத்தா… கேட்டியாடா. நேத்து வரைக்கும் மலையில பூவத் தின்னுக்கிட்டுச் சுத்தியிருக்கு. இன்னிக்குச் சாக்குல கெடந்து பறாண்டுது. இங்க நிக்கறேன், எனக்குக் கேக்குது அந்தச் சத்தம்.

… பழகிடும்னு சொல்றே. ஆமா, பழகிடும். எல்லாம் பழகிடும்… இல்ல, கோவமாப் பேசல.

… முன்ஸிஃப், எனக்கு அம்பத்தேழு. இந்தச் சாக்குல இருக்கறது சின்னதாம், கையகலம்தானாம். இது இன்னும் அறுபது வருஷம் இருக்கும். இத நான் வாங்கி உள்ள விட்டேன்னா, மெர்ஜானான்னு பேர் வெச்சுக் கூப்பிட்டேன்னா, அப்புறம் எனக்கு இந்தக் கதவு கெடையாதுடா. மௌத்தாகி நாலு பேரு தூக்கிட்டுப் போனாத்தான் உண்டு.

… எங்க போகப் போறேன்னா. பிஸெர்த்தாவுக்கு.

… பிஸெர்த்தாவுக்குன்னேன்… தலெந்தா வீட்டுக்கு. ஆமா, எங்கூடப் படிச்சாளே, அதே குண்டு தலெந்தாதான். கல்யாண வீடுகளுக்குப் பலகாரம் செஞ்சு குடுக்கறாடா இப்ப. ரெண்டு ரூம் இருக்கு, பின்னாடி ஒரு துண்டு மண்தரை, ஒரு அத்திமரம். உன் பூத்தண்ணிதான் என் பலகாரத்துக்கு வாசனை, பாட்டில் பாட்டிலா அனுப்பறதுக்கு நீயே வந்துடேண்டீங்கறா. நாலு வருஷமாக் கூப்பிடறா. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணும். இல்லேன்னா அந்த ரூமுக்கு வேற ஒருத்தி வந்துடுவா… நிஜமாத்தான். விளையாடற வயசா எனக்கு.

… ஏன் சொல்லலன்னு கேக்கறியா. யாருடா கேட்டீங்க.

… இல்ல, நீ இரு, நான் பேசறேன். தலெந்தா மகளுக்குக் கல்யாணம் வந்துச்சே. மூணே நாள். போறேன்னு சொன்னேன். நீ என்ன சொன்னே. மெர்ஜானா தண்ணித்தொட்டியில விழுந்துட்டா யாரு தூக்குவா, அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா வீடு போச்சேன்னே. போகல. குளிர்காலத்துலயாச்சும் போலாம், அவதான் தூங்கறாளேன்னு பாத்தேன். ஆளில்லாத வீட்டுல அண்ணன் பூட்ட மாத்திட்டா என்ன பண்ணுவேன்னு பயமுறுத்தினே. போகல. ஒரு ஆமைக்கு என்னைக் காவல் வெச்சீங்க. இல்ல, அதத்தான் எனக்குக் காவல் வெச்சீங்களோ, எனக்குச் சொல்லத் தெரியல… உம்மாவக் குத்தம் சொல்லல. அவ எனக்கு ஒரு கூரை போட்டுட்டுப் போனா. கதவு வெக்கத்தான் மறந்துட்டா.

… ம்… ம்… சொல்றேன், எல்லாத்தையும் சொல்லிடறேன். அவ வர மாட்டான்னு தெரிஞ்சன்னிக்கு நான் அழுதேன்டா. மரத்தடியிலேயே உக்காந்து, கையெல்லாம் மண்ணா, அப்படி அழுதேன். அழுதுட்டு முகத்தக் கழுவிட்டு மேல போய்ப் பரண்லேருந்து பெட்டிய எறக்கினேன். அன்னிக்கே. கட்டி வெச்சு ஒரு வாரம் ஆச்சு. அல்லாஹ் மன்னிக்கணும், அவ செத்ததுல எனக்கு ஒரு மூலையில… வேண்டாம், அத வாயால சொல்லல.

… என்ன.

… என்ன கேட்டே, இன்னொரு தடவ கேளு… ஆகஸ்டுல. ஆகஸ்டுல நாங்க எங்க வர்றதுன்னு கேக்கறே.

… நீ வருஷத்துல மூணு வாரம் வந்து மரத்தடியில பாயப் போட்டுப் படுக்கணும். தர்பூசணிய நறுக்கி நான் தட்டுல வெக்கணும். உன் மக இனெஸ் ஆமைக்குத் தோலப் போடணும். அதுக்கு மீதி நாப்பத்தொம்பது வாரம் நான் இந்தப் பானை மூடித் தண்ணி மாதிரி மேலேயே நின்னுக்கிட்டிருக்கணும், சூடாக விடாம… அக்கா நல்லா இருக்கணும்னுதான்டா சொல்றேன்னு ஆரம்பத்துலேருந்து சொல்லிக்கிட்டிருக்கே, பாரு. கடைசியில ஆகஸ்டு.

… அழாதே… டேய், அழாதடா. எருமை மாதிரி இருக்கே, தாடி நரைச்சுப் போச்சு. நான் திட்டல. உன்ன இடுப்புல தூக்கி வளத்தவ நான், உன் மேல எனக்கென்ன கோவம். உனக்கும் இது ஒண்ணுதானே ஊரு. புரியுதுடா.

… யாரு பக்கத்துல… இனெஸா. போன அவகிட்ட குடு… என் தங்கமே. எப்படியிருக்கே… ஆமா, அத்தைதான்… இல்லம்மா, வலிச்சிருக்காது, தூக்கத்துலேயே… ஆமா, மண்ணுக்குள்ள இருட்டுதான். ஆமைக்கு இருட்டுன்னா பயமில்ல… தனியா இருந்தா அழுமா… அழாது கண்ணு. ஆமைக்குத் தனியா இருக்கத்தான் பிடிக்கும்… அத்தைக்கா.

… அத்தைக்கு அவ்வளவாப் பிடிக்காது.

… சரிம்மா. படம் வரைஞ்சியா… எத்தன கால் போட்டே. அஞ்சா. ஓ, ஒண்ணு வாலா. அப்பச் சரிதான். அத்தைக்கு அனுப்பு. அப்பாகிட்ட குடு.

… ம். கேட்டுக்கிட்டுத்தான் இருந்தியா. குழந்தை கேக்கறப்ப எப்படிப் பொய் சொல்றது… ம்… ம்… என்ன. இன்னொரு தடவ சொல்லு. சரியாக் கேக்கல.

… என்னைப் போ அக்காங்கறியா.

… நிஜமா… அண்ணன்கிட்ட நீயே பேசுவியா. மெர்ஜானா போய்ட்டா, அக்காவும் போறா, வீட்ட என்ன பண்றதோ நாம ரெண்டு பேரும் பேசிக்கலாம்னு… ம்… இனெஸ் மேல சத்தியம்லாம் வேண்டாம். குழந்தை மேல சத்தியம் பண்ணாதே. உன் வாய்வார்த்தை போதும் எனக்கு… ம்… இரு, மூக்கச் சிந்திடறேன். தண்ணிய வேற மாத்தணும். உன்னால இந்தக் குப்பி தீஞ்சு போகப் போகுது.

சாதோக் அண்ணே, மன்னிச்சுக்கங்க, உங்கள வெட்டியா அலைய விட்டுட்டோம். இத எங்க எடுத்தீங்களோ அங்கேயே விட்டுடறீங்களா… போற வழிதானா. நல்லதாப் போச்சு. இருங்க, ஒரு குப்பி பூத்தண்ணி தரேன், வீட்டுல குடுங்க. நீங்களே வந்து எடுத்துக்கங்களேன், விரிப்புக்கு இந்தப் பக்கமாச் சுத்தி வாங்க… இல்ல முன்ஸிஃப், உங்கிட்ட இல்ல, அவர்கிட்டப் பேசறேன். பூ முத்தத்துல கெடக்குன்னேன்ல, அது மரத்தடியிலதான். பெஷீர் அண்ணன் நவம்பர்ல வந்து வெள்ளையடிச்சப்ப அந்தப் பெரிய எண்ணெய் ஜாடியக் கொண்டாந்து மரத்தடியில நிறுத்திட்டுப் போய்ட்டாரு. மண்ணோட மண்ணா நின்னுச்சு, எனக்கு அசைக்கக்கூட முடியல. இன்னிக்குக் காலையிலதான் ராதியாவும் அவ மருமகளுமா வந்து உருட்டி விட்டாங்க. அந்த எடத்துலதான் விரிச்சிருக்கேன்.

… ம்… ஆமா, துணிதான் ஒரு பெட்டி. உம்மாவோட செருப்பையும் எடுத்துக்கறேன். நீ ஒண்ணும் சொல்ல மாட்டியே…

… இரு.

… விரிப்பு ஆடுது… காத்து இல்லடா, எலை அசையல. பூனையா இருக்கும். சூ. சூ, போ… அண்ணே, உங்க சாக்கு அவுந்துடுச்சா பாருங்க… கட்டித்தான் இருக்கா. உள்ளதான் இருக்கா… அப்ப இது என்ன. பூவெல்லாம் மேடா எழும்புது. நடுவுல. அந்த ஜாடி நின்ன எடத்துல.

…

… இருக்கேன். லைன் கட்டாகல… ஒண்ணுமில்ல… ஒண்ணுமில்லங்கறேன்ல.

… முன்ஸிஃப். கொஞ்ச முன்னாடி ஒண்ணு சொன்னியே. அத மாத்த மாட்டியே… சும்மாத்தான் கேக்கறேன்… சரி. அப்ப உங்கிட்ட மறைக்கல.

மெர்ஜானா வந்துட்டா.

… ஆமா. விரிப்ப முட்டித் தூக்கிக்கிட்டு வந்துட்டா. தலை பூரா மண்ணு, அது மேல பூ. மணமேடைக்கு வர்ற மாதிரி நிக்கறா… அவதான்டா. பின்னாடி துண்டு பெயந்திருக்கு, இங்கேருந்தே தெரியுது. வாதுமை பூத்ததும் முழிச்சுத்தான் இருந்திருப்பா. மேல வர வழியில்ல. இவ்வளவு நாளும் அந்த ஜாடிக்கு அடியில… இவ்வளவு நாளும் முட்டிக்கிட்டே இருந்திருப்பா. நான் மேல டக்கு டக்குன்னு நடந்துக்கிட்டிருந்திருக்கேன்.

… அல்ஹம்துலில்லாஹ். ஆமா, நானும் சொல்றேன், அல்ஹம்துலில்லாஹ்… சிரிக்கறே… இனெஸ அப்புறம் கூப்பிடு, முதல்ல… முன்ஸிஃப்…

… என்ன சொன்னே.

… கவல விட்டுச்சுங்கறியா. அண்ணன் வந்து பாத்துட்டு வந்த வழியே போகட்டும், நீ நிம்மதியா இரு அக்காங்கறியா.

… ம். அப்பச் சொன்னது அவ செத்துட்டான்னு நெனைச்சுச் சொன்னதுங்கறே… ம்… சரி. இப்ப வேற… சரி… ஆகஸ்டு ரெண்டாம் தேதிக்கு டிக்கெட்டு… ம்… ம்… இனெஸுக்கு ரொம்ப சந்தோஷமா இருக்கும், ஆமா… ம்.

… சாதோக் அண்ணே, எழுந்திருக்காதீங்க. இன்னிக்கு வண்டி எந்தப் பக்கம் போகுது… மலைக்கு அப்புறம்… பிஸெர்த்தாவுக்கா. சட்டி எறக்கவா. முன்சீட்டுல ஆளிருக்கா… இல்லையா.

… இங்கதான்டா இருக்கேன். கூடைய எறக்கறேன், ஜன்னல் மேல தொங்குதே, பூண்டு போட்டு வெக்கறது… ஆமா, அதே கூடைதான். உம்மா கொண்டாந்தது. பூண்ட மேடையில கொட்டிட்டேன்… எதுக்குன்னா, அவ இந்த வீட்டுக்குள்ள இதுலதானே வந்தா.

… கேளு. கத்தாம கேளு. உம்மா சொல்ல நான் மீறல. இந்த முத்தத்துல நடமாடற வரைக்கும்னா. நடந்துட்டாடா. அறுபது வருஷம் நடந்துட்டா. இனிமே தலெந்தா வீட்டு அத்திமரத்தடியில நடக்கட்டும். அங்க பானையும் ஜாடியும் நான் யாரையும் மேல வெக்க விட மாட்டேன்… அண்ணன்கிட்ட நீ சொன்னாலும் சரி, சொல்லாட்டாலும் சரி. போய்ச் சேந்ததும் நானே சொல்லிடறேன்… இல்ல. இல்ல முன்ஸிஃப். நீ ரெண்டு விதமாப் பேசினே, எனக்கு முதல்ல போன்னு பேசினதுதான் காதுல நின்னுச்சு… ஆகஸ்டுல பிஸெர்த்தாவுக்கு வா. பாய் நான் போடறேன். தர்பூசணியும் நானே நறுக்கறேன்.

… அடுப்ப அணைச்சுட்டேன். மூணாவது குப்பி முக்காலோட நின்னுடுச்சு, போகட்டும்… இல்லடா, இதுக்கு மேல இங்க நின்னு பேச முடியாது. அவ கெணத்துப் பக்கமாத் திரும்பிட்டா. அவ்வளவு தூரம் இந்த ஒயர் வராது.

சாதோக் அண்ணே, உங்க சாக்குல இருக்கறவள மலையில எறக்கி விடுங்க. பிஸெர்த்தாவுல ரெண்டு பேர எறக்கி விடுங்க… பெட்டி மாடியில இருக்கு, சின்னதுதான்.

… அழாதே. அழுதா எனக்குக் கை வராது. முன்ஸிஃப், ஒயரப் பிடுங்கப் போறேன்… இருடா, ஒண்ணு மறந்துட்டேன். இனெஸ் வரைஞ்ச படத்த இந்த விலாசத்துக்கு அனுப்பிட வேண்டாம்னு சொல்லு. ஒயர் நழுவுது, கேக்குதா… புது விலாசம் நான்…